வண்ணைச் சிவன்கோயிற் பிரசங்கம்

புராணபடனம் நம்மவரிடத்துத் தொன்றுதொட்டு வரும் வழக்கம். ஒருவர் செய்யுளை இசையொடு படிக்க மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவர். யாழ்ப்பாணத்துக் கோயில்களிலே கந்தபுராணம் இம்முறையாகவே படிக்கப்பட்டு வருகின்றது. ஆயினும் அங்கே பொருளை வகுத்து நிறுத்துவது நூலேயாம். பயன் சொல்வார் செய்யுள் சென்ற வழியே செல்வர். ஒரு பொருளைத் தாமே தெரிந்தெடுத்து, அதற்கு வேண்டும் பிரமாணங்களைத் திரட்டி, முன்பின் முறைப்படுத்தி, தனி வசனத்தாலே சபையோர் முன் நின்று பேசுதல் அதனின் வேறு. இதனை யாழ்ப்பாணத்துச் சைவருக்கு வாரந்தோறும் நிகழும் நியமமாக்கியவர் நல்லூர் ஆறுமுக நாவலரவர்கள்.

பிலவங்க வருஷம் மார்கழி மாதம், அஃதாவது 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள், வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே அப்பிரசங்கம் தொடங்கிற்று. நாவலரவர்களுக்கு அப்பொழுது வயசு இருபத்தைந்து. நாவலர் என்னும் பட்டம் இன்னும் வந்ததில்லை. அவர்களோடு நல்லூர்க் கார்த்திகேய ஐயரவர்களும் பிரசங்கித்தார்கள். சுக்கிரவாரம் சனங்கள் தாமே கோயிலுக்கு வரும் நாளாதலின், கேட்போரைத் தேடி அழைக்கும் வருத்தம் இல்லாதாயிற்று. நாளைத் தெரிந்தெடுத்ததிலேயே பாதிக் காரியம் முடிந்தது என்க.

இம்முறையை அவர்கள் கற்றவிடம் யாது? பெர்சிவல் பாதிரியாரது பாடசாலையில் ஆசிரியராயிருந்து, விவிலிய நூலைத் தமிழிற் பெயர்த்தற்கும் துணைசெய்து வந்தவர்கள் அவர்கள். குறித்த நாளிலே ஒரு பொருளையெடுத்துப் பேசும் தேவாலய வழக்கத்தை அணித்தே கண்டறிந்தவர்கள். இதனை ஒப்புக்கொள்ள நம்மவருட் சிலர் நாணுவர். நாணவேண்டுவதில்லை. பிறர் கருவியாயினும் பயன் கொள்ளத்தக்கதாயிற் கொள்ளலாம். அன்றியும், நன்னூற் பொதுப்பாயிரம் பாடஞ் சொல்லும் இயல்பைக் கூறுமிடத்து, காலமும் இடமும் ஆராய்தலையும், சொல்லும் பொருளை முன்னரே உள்ளத்தில் அமைத்தலையும், விரைவும் வெகுளியும் இன்மையையும், கேட்பவன் எவ்வாறு கொள்வான் என்று அறிதலையும் வற்புறுத்துகின்றது. அந்நூலை ஆராய்ந்து அச்சிட்ட நாவலரவர்களுக்கு இவ்விலக்கணம் ஏட்டளவில் நில்லாது நாவிலும் நின்றது.

கள்ளுண்ணாமை, கொல்லாமை, பசுக்காத்தல், சிவலிங்க வழிபாடு, கடவுள் ஒருவரே என்பது முதலியன அம்மேடையில் எடுத்துக்கொள்ளப்பட்ட பொருள்கள். இவற்றுட் பல சித்தாந்தத்தின் நுண்பொருள்கள் அல்ல. மண்டபத்தில் இருந்தவர் வீட்டிற்சென்று மறுநாளே கைக்கொள்ளத்தக்கன. தம் பிள்ளைகளைப் பாதிரிமார் பாடசாலைக்கு விடுத்து, அப்பிள்ளைகள் சிவலிங்கத்தை ஏன் வணங்குகிறோம் என்று வினாவிய பொழுது விடையறியாது மயங்கிய பெற்றோர்க்கு, முப்பொருளியல்பை முதலிலே விரித்தல் பசித்தவனுக்குப் பாகசாஸ்திரம் படித்தலை ஒக்கும். சைவருடைய குறைகளையும் நாவலரவர்கள் மறைத்துப் பேசினாரல்லர். எதிர்ப்பக்கத்தை அறியாது பேசியவருமல்லர். 1854இல் வெளிவந்த சைவதூஷணபரிகாரத்தில் விவிலிய நூலிலிருந்தே அவர்கள் மறுமொழிக்குச் சான்று காட்டியிருத்தல் அப்பயிற்சியின் பயனாம்.

இக்காலத்திலே ஒலிபெருக்கி வந்துவிட்டது. குரல் தெருக்கோடிவரை கேட்கின்றது. பொருளோ மேடையருகிலும் கேட்பதில்லை. படி ஏறும்பொழுதே இன்று எதைப் பேசுவோம் என்று பக்கத்திலிருப்பாரை வினாவுவாரையும் யாம் கண்டிருக்கின்றோம்.

1848இல் நாவலரவர்கள் பாதிரியாரிடத்து உத்தியோகத்தை விடுத்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார்கள். மறுவருஷம் அச்சியந்திரம் வாங்குதற்பொருட்டுத் தமிழ்நாடு சென்றபொழுது திருவாவடுதுறை ஆதீனத்திலே பிரசங்கிக்க நேர்ந்தது. வண்ணையிற் கேட்டவர் உழவரும் வணிகரும்; ஈண்டுக் கேட்டவர் சாத்திரங்களை முறையாக ஓதிய தம்பிரான்மாரும் வித்துவான்களும். வண்ணையிற் பேசியதையே அங்கும் பேசியிருப்பின், ஊரார் உவந்த பேச்சு மடத்தார்க்கு உவர்த்திருக்கும். நாவலர் என்னும் பட்டம் அவ்வாதீனத்தார் அளித்ததேயாம். அதன்பின்னும் எளியாரை அவர்கள் மறந்தாரில்லை. சேக்கிழார் செய்யுளை ஓதி உணரமாட்டாதவரும் வீட்டிலிருந்து வாசிக்குமாறு பெரியபுராணத்தை வசனமாக்கி 1852இல் அச்சிட்டு வழங்கினார்கள்.