ஒற்றைச் சாட்சியும் மேல்முறையீட்டு மன்றங்களும்: பாலியல் வன்முறை வழக்குகளில் சாட்சிய மதிப்பீடு (1952–2023)

ஆய்வுச்சுருக்கம்

பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் சாட்சியத்தை இந்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எவ்வாறு எடைபோட்டன என்பதை ஐந்து தீர்ப்புகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இரண்டாம் சான்று கட்டாயமன்று என்னும் விதி தொடக்கத்திலேயே உருவாகிவிட்டது. எனினும் பெண்ணைப் பற்றி மன்றங்கள் கொண்டிருந்த முன்முடிவுகளே அவ்விதியின் பயனைத் தீர்மானித்தன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: சாட்சியம், ஒத்துறுதிச் சான்று, மேல்முறையீடு, இசைவு, வாச்சாத்தி.

முன்னுரை

ஓர் உண்மையை மெய்ப்பிக்க இத்தனை சாட்சிகள் வேண்டும் என இந்தியச் சாட்சியச் சட்டம் (1872) எங்கும் வரையறுக்கவில்லை. அத்தகைய எண்ணிக்கை தேவையில்லை என்றே, 2024 வரை நடப்பிலிருந்த அச்சட்டத்தின் 134ஆம் பிரிவு கூறியது. ஆயினும் வன்புணர்ச்சி வழக்குகளில் மட்டும் பெண்ணின் சொல்லை வேறொரு சான்று உறுதிப்படுத்த வேண்டும் என்னும் எதிர்பார்ப்பு நீதிமன்ற நடைமுறையில் வேரூன்றியிருந்தது. இதுவே ஒத்துறுதிச் சான்று எனப்படுவது. குற்றத்திற்கு உடந்தையாக இருந்தவரின் வாக்குமூலத்தை ஐயத்துடன் அணுகும் வழக்கம், குற்றத்திற்கு ஆளானவர் மீதும் ஏற்றப்பட்டதன் விளைவு இது.

விதியின் தோற்றம்

1952ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான இராமேசுவர் எதிர் இராஜஸ்தான் அரசு வழக்கு இதற்கு முதன்மைச் சான்றாகும். பாதிக்கப்பட்டவர் எட்டு வயதுச் சிறுமி. குற்றம் நிகழ்ந்தது என்பதில் தமக்கு மனநிறைவு உண்டு எனக் கருதிய அமர்வு நீதிபதி, ஒத்துறுதிச் சான்றைச் சட்டம் கோருகிறது என எண்ணிக் குற்றவாளியை விடுவித்தார். உயர் நீதிமன்றம் அவ்விடுதலையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்தது. ஒத்துறுதி என்பது சட்டத்தின் கட்டளையன்று, நீதிபதி மனத்தில் கொள்ள வேண்டிய முன்னெச்சரிக்கை மட்டுமே என நீதிபதி விவியன் போஸ் விளக்கினார். நிகழ்வுக்குப் பின் சிறுமி தாயிடம் கூறியதே போதிய உறுதிப்பாடாக ஏற்கப்பட்டது.

விதியும் முன்முடிவும்

விதி தெளிவானபின் சிக்கல் தீர்ந்திருக்க வேண்டும். துக்காராம் எதிர் மகாராஷ்டிர அரசு வழக்கு (1978) அது தீரவில்லை என்பதைக் காட்டுகிறது. 1972இல் காவல் நிலையத்திற்குள் பழங்குடி இளம்பெண் ஒருவர் வன்புணர்ச்சிக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கு இது. அச்சத்தால் பணிதல் இசைவாகாது எனப் பம்பாய் உயர் நீதிமன்றம் கூறித் தண்டித்தது. உடலில் காயமின்மையைச் சுட்டிய உச்ச நீதிமன்றம் காவலர்களை விடுவித்தது. இங்கு எதிர்ப்பின் தழும்பே இரண்டாம் சாட்சியாக எதிர்பார்க்கப்பட்டது. உபேந்திர பக்சி உள்ளிட்ட நான்கு சட்ட அறிஞர்கள் 1979இல் எழுதிய திறந்த மடலும் அதனைத் தொடர்ந்த மகளிர் இயக்கப் போராட்டங்களும் 1983ஆம் ஆண்டுத் திருத்தத்திற்கு வழிவகுத்தன. காவலில் நிகழும் வன்புணர்ச்சியில், புணர்ச்சி மெய்ப்பிக்கப்பட்டு, தாம் இசையவில்லை எனப் பெண் கூறினால், இசைவின்மையை நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என 114அ பிரிவு விதித்தது.

அதே 1983இல் பர்வாடா போகின்பாய் வழக்கில், ஒத்துறுதி கோருவது காயத்தின் மேல் அவமதிப்பைச் சேர்ப்பதாகும் என உச்ச நீதிமன்றம் கண்டித்தது. முடிவு வரவேற்கத்தக்கது, அதற்கான காரணம் ஆய்வுக்குரியது. மரபில் ஊறிய இந்தியப் பெண், மானத்திற்கும் ஊர்ப்பழிக்கும் அஞ்சுபவள் ஆதலின் பொய் கூறமாட்டாள் என்பதே அக்காரணத்தின் சாரம். அவ்வாறாயின் அம்மரபுச் சட்டகத்திற்குள் அடங்காத பெண்ணின் சொல் என்னாகும்? பஞ்சாப் அரசு எதிர் குர்மித் சிங் வழக்கு (1996) இவ்வினாவை எதிர்கொண்டது. தேர்வெழுதச் சென்ற மாணவியின் நடத்தையை இழிவுபடுத்திய விசாரணை நீதிமன்றத்தை உச்ச நீதிமன்றம் கடிந்தது. அவர் சாட்சியத்தைக் காயமுற்ற சாட்சியின் கூற்றுக்கு நிகராகவும் மதித்தது. பெண்ணின் பொதுவான ஒழுக்கத்தைக் காட்டி அவர் நம்பகத்தன்மையைக் குலைக்க இடமளித்த 155(4) பிரிவு 2003இல்தான் நீக்கப்பட்டது.

வாச்சாத்தி

1992 ஜூன் 20 அன்று சந்தனமரத் தேடுதலின்போது தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 18 பெண்கள் அரசு ஊழியர்களால் வன்புணர்ச்சிக்கு உள்ளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில், வழக்கு நடைபெற்ற காலத்தில் இறந்த 54 பேர் நீங்கலாக, எஞ்சிய 215 பேரும் 2011இல் தண்டிக்கப்பட்டனர். மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி அவ்வூருக்கு நேரில் சென்று பார்வையிட்டார். 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனைகளை உறுதிசெய்தார். ஒரு தரப்பில் மலைவாழ் பெண்களின் சொல். எதிர்த்தரப்பில் மூன்று அரசுத் துறைகள். அப்பெண்களின் சாட்சியம் முரணின்றி நம்பத்தகுந்ததாக இருந்தமையே முடிவுக்கு ஆதாரமாயிற்று.

முடிவுரை

இவ்வரலாறு ஐயத்திலிருந்து நம்பிக்கைக்குச் சென்ற நேர்க்கோடு அன்று. எட்டு வயதுச் சிறுமிக்குக் கிடைத்த நம்பிக்கை, காவல் நிலையத்திற்குள் இருந்த பழங்குடிப் பெண்ணுக்கு இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பின்னரும் கிடைக்கவில்லை. பெண்ணின் இயல்பு பற்றிய எண்ணத்தால் சாட்சியம் ஏற்கப்படும்போது, அதே எண்ணம் பிறிதொரு பெண்ணை மறுக்கவும் பயன்படும். எனவே, பாதிக்கப்பட்டவர் எத்தகைய பெண் என்பதை விடுத்து, அவர் கூறியது என்ன, அது விசாரணையில் நிலைபெற்றதா என வினவுவதே நிலையான அளவுகோலாகும். வாச்சாத்திப் பெண்கள் அவ்வினாவுக்கு விடை பெற முப்பத்தோர் ஆண்டுகள் காத்திருந்தனர் என்பதையும் இவ்வரலாறு தன் கணக்கில் கொள்ள வேண்டும்.