ஒரு முடிச்சின் சரித்திரம்

தோ பாயோ என்னும் பெயருக்குப் பெருஞ்சதுப்பு என்பது பொருள். 'தோ' ஹொக்கியன் சீனரின் சொல். 'பாயா' மலாய்ச் சொல். 1960-ஆம் ஆண்டுகளில் அச்சதுப்பு தூர்க்கப்பட்டு அடுக்குமாடி நகரமாயிற்று. அதற்கு அருகே உள்ளது டான் டோக் செங் மருத்துவமனை. 1844-இல் ஒரு சீன வியாபாரி ஏழைகளுக்கென்று அளித்த பொருளைக்கொண்டு தோன்றிய அம்மருத்துவமனை, நம்மவர் நடமாடும் சிராங்கூன் சாலையில் பல்லாண்டுகள் இருந்து, 1909-இல் மோல்மீன் சாலைக்குப் போயிற்று. ஏழைகளுக்காக ஏற்பட்ட அதன் வாசலில் நின்றுகொண்டு, ஏழைகளை அதிகமாக வதைத்த ஒரு வியாதியின் சரித்திரத்தை இங்கே ஆராய்வோம்.

இருதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்க்குத் தமனி என்று பெயர். அதன் சுவர் ஓரிடத்தில் நலிந்து பைபோல் உப்பினால் அது தமனிப் புடைப்பு. சுவர் கிழிந்து, கசிந்த இரத்தம் சதைக்குள் தேங்கிப் பையாவதும் உண்டு. அப்பைக்குள் கிருமி குடிபுகுந்தால் சுவர் அழுகும். அழுகிய சுவர் எந்த நிமிஷத்திலும் வெடிக்கும். தொடையின் பெருந்தமனி வெடித்தால் மனிதன் சில நிமிஷங்களில் மாண்டுபோவான். தொடையிடுக்கில் தோன்றும் இப்புடைப்பு பார்வைக்குச் சாதாரணக் கட்டியைப் போலவே இருக்கும். கட்டி என்றெண்ணிக் கீறிவிட்டால் வருவது சீழ் அன்று, உயிர்!

இதற்கு மனிதன் கண்ட முதல் மருந்து நூல் முடிச்சேயாகும். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் அன்டில்லஸ் என்னும் கிரேக்க வைத்தியர், புடைப்பின் மேலும் கீழும் தமனியைக் கட்டி, நடுவிலுள்ள பையைத் திறந்து துப்புரவு செய்யும் முறையை வகுத்தார். 1785-இல் லண்டனில் ஜான் ஹண்டர் என்பவர் அடுத்த அடி எடுத்து வைத்தார். நாற்பத்தைந்து வயதுள்ள ஒரு குதிரைவண்டிக்காரனுக்கு முழங்காலின் பின்புறம் பெரும்புடைப்பு. ஹண்டர் அதைத் தொடவில்லை. மேலே, தொடையில், தமனி ஆரோக்கியமாயுள்ள இடத்தில் கட்டினார். பெருவாய்க்காலை அடைத்தாலும் சிறு வாய்க்கால்கள் வழியே நீர் வயலுக்குச் செல்வதுபோல, கிளைக்குழாய்கள் வழியாக இரத்தம் காலை அடையும் என்பது அவர் கொள்கை. ஆறு வாரங்களில் அவ்வண்டிக்காரன் தன் காலோடு வெளியே சென்றான். பதினைந்து மாதங்களுக்குப் பின் வேறொரு ஜுரத்தால் அவன் இறந்தபோது காலைச் சோதித்தனர்; புடைப்பு சுருங்கியிருந்தது.

கிருமிக்கும் புடைப்புக்கும் உள்ள சம்பந்தத்தை 1885-இல் வில்லியம் ஆஸ்லர் தம் சொற்பொழிவுகளில் விளக்கினார். புண்ணின் தோற்றம் காளானை ஒத்திருந்ததால் அவர் அதைக் காளான் புடைப்பென்று அழைத்தார். உண்மையில் பெரும்பாலும் காரணம் பாக்டீரியாவே. ஆயினும் அப்பெயர் இன்றும் நிற்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். ஹெராயின் பழக்கத்திலிருந்து மக்களை மீட்கும் பொருட்டு 2002-இல் சிங்கப்பூரில் சுபுடெக்ஸ் என்னும் மாத்திரை வந்தது. நாவின் கீழ் வைத்துக் கரைக்க வேண்டிய அம்மாத்திரையைப் பலர் பொடித்து, நீரில் கலந்து, ஊசியால் ஏற்றிக்கொண்டனர். கைகளில் நரம்புகள் கெட்டபின் தொடையிடுக்கைத் தேடினர். அங்கே சிரையும் தமனியும் அருகருகே ஓடுகின்றன. தவறிய ஊசி தமனியைத் துளைத்தது. அசுத்தமான ஊசி கிருமியையும் கொண்டுபோயிற்று. புடைத்த தொடையோடு அவர்கள் மருத்துவமனைகளை நாடினர். 2006 ஆகஸ்டில் அரசாங்கம் அம்மருந்தைக் கட்டுப்படுத்தப்பட்ட போதைப் பொருளாக அறிவித்தது.

வைத்தியர்கள் செய்தது யாது? முதலில் தொடையிடுக்குக்கு மேலே நல்ல தமனியைப் பிடித்து இரத்தத்தை நிறுத்துவர்; பிறகே பையைத் திறந்து அழுகலை நீக்குவர். வேறு குழாயை வைத்து உடனே தைத்துவிடலாமே எனில், சீழுள்ள இடத்தில் அதுவும் அழுகக்கூடும். ஆகவே பலருக்குத் தமனியைக் கட்டிவிட்டு, தொடைத் தசையால் அவ்விடத்தை மூடி, வாரக்கணக்கில் கிருமிநாசினி மருந்தைச் செலுத்துவர். கால் குளிர்ந்து உணர்ச்சியற்றுப்போனால், சீழில்லாத வழியாகப் புதுக்குழாய் அமைப்பர். இவ்வளவு விஞ்ஞானம் வளர்ந்த பின்னும் உயிரைக் காப்பது பெரும்பாலும் அன்டில்லஸின் முடிச்சே! ஆனால் அம்முடிச்சுக்கு விலையும் உண்டு. சிலர் காலை இழந்தனர். வேறு சிலர் சற்று நடந்தாலே கெண்டைக்கால் வலிக்க நின்றனர்.

"குடியன், போதைக்காரன்; அவன் தலைவிதி" என்று கூறிக் கைகழுவுவோர் நம்மிடையே அநேகர். அவர்கள் ரங்கூனை நினைக்கட்டும். 1911-இல் அங்கே ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய துணை வைத்தியர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் புதிய தொற்றுநோய் ஒன்றைக் கண்டனர். அதற்கு இரையானோரில் பலர் மார்பியா ஊசி போட்டுக்கொண்டவர்கள். ஆனால் அக்கிருமியின் வீடு ஊசியன்று, ஈரமண்ணும் சேற்றுநீருமே. பிற்காலத்தில் மெலியாய்டோசிஸ் எனப் பெயர்பெற்ற அந்நோய் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இன்றும் உண்டு. அதுவும் தமனியைத் தாக்கிப் புடைப்பு உண்டாக்க வல்லது. நீரிழிவுள்ளவர்களை அது எளிதில் பற்றும். தோட்டத்துச் சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் ஒழுக்கசீலனுக்கும் வரக்கூடியதை விதி என்பதா, கிருமி என்பதா?

மேலும், போதையை இம்மண்ணில் வளர்த்தவர் யார்? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே ஆண்ட வெள்ளை அரசாங்கத்தின் வருமானத்தில் பெரும்பகுதி அபினியிலிருந்தே வந்தது. கூலியின் கையில் குழலைக் கொடுத்துப் பணம் பறித்தவர்களுக்குக் கனவான் என்று பெயர்; புகைத்துக் கெட்ட கூலிக்கு மட்டும் இழிபெயர்! அக்காலத்திலும் வேறுவிதமாய் நினைத்த மனிதர் இருந்தனர். 1933-இல் டாக்டர் சென் சு லான் கம்போங் ஜாவா சாலையில் அபினி அடிமைகளுக்கென்று ஒரு சிகிச்சை நிலையம் திறந்தார். அவர்களைக் குற்றவாளிகளாகப் பாராமல் நோயாளிகளாக நடத்தியதே அவர் செய்த பெருஞ்சீர்திருத்தம்.

இவ்வியாதியில் நேரமே பிரதானம். தொடையில் துடிக்கும் கட்டியும் ஜுரமும் கண்ட அன்றே வந்தவனுக்குக் கால் தப்ப வழியுண்டு. வெட்கத்தால் பத்து நாள் ஒளிந்திருந்து, இரத்தம் பீறிட்டபின் வருகிறவனுக்கு வைத்தியன் செய்யக்கூடியது குறைவு. அவனை ஒளியச் செய்தது யார்? வீட்டாரின் ஏச்சும் ஊராரின் இளக்காரமுமல்லவா? முடிச்சுப் போடும் கை வைத்தியனுடையது. காலத்தில் அவனை வாசலுக்கு அழைத்து வரும் கை நம்முடையதாக இருக்கட்டும்.