பாட்டை வைத்துக்கொண்டு பேச்சை வெட்டுகிறார்கள்: கே.ஏ. குணசேகரனின் குரல்

2016 ஜனவரி 17 அன்று மறைந்த கே.ஏ. குணசேகரனைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் 'நாட்டுப்புறப் பாடகர்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். பேராசிரியர், நாடகக்காரர், ஆய்வாளர் என்று இன்னும் நாலு பட்டங்களைச் சேர்த்துச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லாம் உண்மைதான். ஆனால் அவரை மேடையில் கேட்டவர்களுக்கு ஒன்று தெரியும். அவர் பாட மட்டும் வந்தவரல்ல. பேசுவார், பேச்சு ஒரு இடத்தில் ராகமாகும், ராகம் பாட்டாகும், பாட்டு நடுவில் நின்று மறுபடி பேச்சாகும். எது பேச்சு, எது பாட்டு என்று கோடு போட முடியாது. அந்தக் கோடில்லாத குரல்தான் அவருடைய கலை. நம் நினைவிலிருந்து முதலில் அழிந்துகொண்டிருப்பதும் அதுதான்.

அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், இளையான்குடிக்குப் பக்கத்தில் உள்ள மாரந்தையில் 1955இல் பிறந்தவர். தாலாட்டு, ஒப்பாரி, தெம்மாங்கு, நடவுப் பாட்டு என்று உழைக்கிற சனங்களின் வாயிலிருந்ததைத் தேடிச் சேர்த்தவர். 'தன்னானே' என்ற கலைக்குழுவை நடத்தினார். முதலில் இடதுசாரி மேடைகள், பிறகு தலித் இயக்க மேடைகள். புதுவைப் பல்கலைக்கழகத்தின் சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளியில் பேராசிரியராகவும், சென்னை உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தார். இத்தனை பதவிகளுக்குப் பிறகும் மேடை ஏறினால் வாயில் வந்தது கீழைச் சீமைப் பேச்சுதான்.

பேச்சையும் பாட்டையும் கலப்பது நமக்குப் புதிதா? இல்லை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வது அதுதான். வில்லுப்பாட்டில் ஒருத்தர் கதை சொல்ல, பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போடுகிறாரே, அதுவும் அதுதான். ஒப்பாரி வைக்கிற கிழவி செத்தவனோடு பேசுகிறாளா, பாடுகிறாளா? ஆவடி, அம்பத்தூர், எங்க கோவில்பதாகைப் பக்கமெல்லாம் சாவு வீட்டில் ராத்திரி முழுக்கக் கானா பாடுகிறவர்கள், பாட்டுக்கு நடுவில் செத்துப்போனவர் என்ன வேலை செய்தார், யாருக்கு என்ன நல்லது பண்ணினார் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். எழுதப்படாத நம் சரித்திரம் பாதிக்கு மேல் இப்படித்தான் காப்பாற்றப்பட்டது.

ஆனால் இதற்கு மதிப்புப் போடுகிற தராசு வேறு மாதிரி. பாகவதர் சபாவில் உட்கார்ந்து பாதி பேசிப் பாதி பாடினால் அது காலட்சேபம், கலை, பட்டு சால்வை. சேரியிலிருந்து வந்தவன் பறையோடு நின்று பாதி பேசிப் பாதி பாடினால் அது பிரச்சாரம். "பாட்டு நல்லாத்தான் இருக்கு, பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்" என்கிற புத்திமதியை நம் கலைஞர்களில் கேட்காதவர் யார்? இந்தப் புத்திமதிக்குள் ஒரு ஏற்பாடு இருக்கிறது. உன் தாளம் வேண்டும், உன் குரல் வேண்டும், உன் வார்த்தை மட்டும் வேண்டாம்.

இந்த ஏற்பாட்டை நம்மைவிடத் தெளிவாகப் பார்த்தவர்கள் அமெரிக்கக் கறுப்பின இசைக்காரர்கள். ஜாஸ் என்பது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் பிள்ளைகள் உருவாக்கிய இசை. வயலில் ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுத்த முறை அதற்குள் இருக்கிறது. கறுப்பினக் கவி லாங்ஸ்டன் ஹியூஸ் ஜாஸ் பின்னணியில் தன் கவிதைகளை வாசித்து 1958இல் இசைத்தட்டாகக் கொண்டுவந்தார். அதில் அவரோடு வேலை செய்தவர்களில் ஒருவர் சார்லஸ் மிங்கஸ். 1957இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழைவதைத் தடுக்க அந்த மாநில ஆளுநர் ஃபாபஸ் காவல் படையை நிறுத்தினார். அந்த ஆளைக் கிண்டல் செய்து மிங்கஸ் ஒரு இசை அமைத்தார். 1959இல் அதை வெளியிட்ட கொலம்பியா நிறுவனம் இசையை எடுத்துக்கொண்டது. வார்த்தைகளைச் சேர்க்க விடவில்லை. அடுத்த ஆண்டு கேண்டிட் என்ற சிறு நிறுவனத்தில் வார்த்தைகளோடு அதை மறுபடி பதிவு செய்தார். மிங்கஸ் கேள்வி கேட்க, டிரம் வாசிக்கும் டேனி ரிச்மண்ட் பதில் சொல்ல, நம் வில்லுப்பாட்டைப் போலவே போகிறது அது. பின்னால் வந்த கில் ஸ்காட்-ஹெரோன் (1949-2011) தாளத்தின் மேல் பேசியே ஒரு தலைமுறையை உலுக்கினார்.

கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டு 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்ததை நாம் திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறோம். இசையில் இருக்கும் உறவை அவ்வளவு எழுதவில்லை. மிங்கஸுக்கு நடந்தது நமக்கும் நடக்கிறது என்பதால் அதைப் பேசியாக வேண்டும்.

'மனுசங்கடா' பாடலை எடுத்துக்கொள்வோம். எழுதியவர் இன்குலாப். கீழக்கரையில் பிறந்த முஸ்லிம். சாகுல் அமீது என்பது இயற்பெயர். 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் விடுவித்தது. அந்த நெருப்பின் வெக்கை தணியாத காலத்துப் பாட்டு இது. இதை ஊர் ஊராகக் கொண்டுபோனது குணசேகரனின் தொண்டை. பாட்டின் தலைப்பே ஒரு பேச்சு. தெருவில் நின்று எதிரில் இருப்பவனைப் பார்த்துச் சொல்கிற சொல். ராகம் போட்டு அழகாக்கினால் செத்துவிடும். அதைப் பேச்சாகவே வைத்திருந்து பாட்டின் வேகத்தைக் கொடுக்கத் தெரிந்தவர் அவர். எழுதியவரும் பாடியவரும் 2016 என்ற ஒரே வருடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். அடுத்த வருடம், பொதுப் பாதையில் பிணத்தைக் கொண்டுபோக உரிமை கேட்கும் ஒரு தலித் மகனின் கதையை அம்ஷன்குமார் படமாக எடுத்தபோது அதற்குப் பெயர் 'மனுசங்கடா'. சுடுகாட்டுப் பாதைக்கே இன்னும் இந்த வார்த்தை தேவைப்படுகிறது.

பறையைப் பற்றி 1990களில் நமக்குள் நடந்த சண்டையையும் இங்கே சேர்த்து யோசிக்க வேண்டும். சாதி இந்துவின் சாவுக்குப் பறையடிப்பது அடிமைத் தொழில், அதை விட்டொழி என்றது ஒரு தரப்பு. அது நம் ஆதி இசை, விடுதலையின் கருவியாக எடுத்து அடி என்றது இன்னொரு தரப்பு. இரண்டிலும் நியாயம் உண்டு. தோல் அதே தோல், குச்சி அதே குச்சி. ஊரான் வீட்டுச் சாவில் அடிக்கிறபோது அடிக்கிறவனுக்கு வாய் கிடையாது. அடித்துவிட்டுக் கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மேடையில் அடிக்கிறபோது அவன் வாயைத் திறக்கிறான்: இது யார் கருவி, ஏன் இழிவானது, யார் இழிவாக்கினார்கள் என்று சொல்கிறான். அடிமைப் பறையையும் விடுதலைப் பறையையும் பிரிப்பது அந்தப் பேச்சுதான். குணசேகரனின் மேடை அந்தச் சண்டைக்குச் சொன்ன பதிலாக இதை நான் புரிந்துகொள்கிறேன். பேச்சை வெட்டினால் பறை மறுபடியும் ஊழியத்துக்குத்தான் போகும். இப்போது அரசு விழா வாசலில் விருந்தினரை வரவேற்க நிறுத்துகிறார்களே, அந்த ஊழியத்துக்கு.

'வடு' 2005இல் வந்தது. வகுப்பில் சாதி சொல்லி எழுந்து நிற்க வைக்கப்பட்ட பிள்ளையின் அவமானம், பசி, இளையான்குடி முஸ்லிம்கள் உறவு சொல்லி அழைத்த ஆறுதல், எல்லாம் அதில் பேச்சுத் தமிழிலேயே இருக்கிறது. இலக்கணச் சுத்தம் பார்த்து முகம் சுளித்தவர்களுக்கு அது புரியாது. வாயை மூடி நிற்கப் பழக்கப்பட்டவன் முதலில் திருப்பி எடுத்துக்கொள்வது தன் வீட்டுப் பேச்சைத்தான். மேடையில் பாட்டுகளுக்கு நடுவில் பேசிய அதே ஆள்தான் அந்தப் புத்தகத்திலும் பேசுகிறார்.

2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் முயற்சியில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதல்முறை மேடை ஏறியபோது, அயோத்திதாசர் கையாண்ட 'சாதியற்ற' என்ற சொல் இசைக்குழுவின் பெயராயிற்று. கானாவும் பறையும் கிதாரும் ராப்பும் சேர்ந்து ஒலித்தன. ஆவடி தாண்டிப் போகிற அதே ரயில் பாதையில் இருக்கும் அரக்கோணத்திலிருந்து வந்த அறிவு, இட ஒதுக்கீட்டையும் அம்பேத்கரையும் தாளத்தில் பேசினார். ராப் என்பதே பேச்சுதானே. அதனால் இதைப் புதுசு என்று சொல்ல மாட்டேன். குணசேகரன் பேசிக்கொண்டிருந்த பேச்சின் தொடர்ச்சி. வெட்டும் கத்தியும் தொடர்கிறது. 2021இல் 'எஞ்சாயி எஞ்சாமி' உலகம் முழுக்கப் பரவியது. அந்த வருடமே ஒரு இசைப் பத்திரிகை, அதை எழுதிப் பாடிய அறிவின் முகம் இல்லாமல், உடன் பாடியவரின் முகத்தைப் போட்டு அட்டை அச்சடித்தது. பெரிய எதிர்ப்பு வந்த பிறகுதான் அவர் முகம் அட்டைக்கு வந்தது.

கேசட் காலத்தில் ஒரு பக்கம் முப்பது நிமிடம், மிஞ்சினால் நாற்பத்தைந்து. அந்த இடத்தில் பாட்டை அடைப்பார்களே தவிர, பேச்சை யார் அடைப்பார்கள்? அதனால் அவர் பேசியதில் பெரும்பகுதி கேட்டவர் காதுகளில்தான் இருக்கிறது. அந்தக் காதுகளுக்கும் வயதாகிவிட்டது. இயக்கத் தோழர்களே, மாணவர்களே, உங்கள் ஊரில் அவர் பாடிய கூட்டத்துக்குப் போனவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போய் உட்கார்ந்து கேளுங்கள். எந்தப் பாட்டு என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பாட்டுக்கு முன்னால் என்ன சொன்னார், எந்த இடத்தில் நிறுத்தினார், நிறுத்திவிட்டு யாரைப் பார்த்துப் பேசினார் என்று கேட்டு, அவர்கள் சொல்கிற மொழியிலேயே எழுதி வையுங்கள். பாட்டை எவனும் எடுத்துப் பாடிக்கொள்வான். பேச்சை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.