வெண்சமன்

சிக்கலை அடுத்த வாலிநோக்கத்தில் தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளம் இருக்கிறது. அங்கே உப்புக் குவியலை நிழலில் படமெடுத்தால் நீலம் தட்டும், அந்தி வெயிலில் மஞ்சள் பூக்கும். கண்ணுக்கு இரண்டும் வெள்ளைதான். கேமராவுக்கு அதைச் சொல்லித்தரும் வேலையே 'ஒயிட் பேலன்ஸ்'. முகத்தை வெளுப்பாக்கும் வித்தை என்று பலர் நினைப்பது வேறு சங்கதி.

'பேலன்ஸ்' என்பதன் லத்தீன் மூலத்துக்கு இரட்டைத் தட்டு, அதாவது தராசு, என்று பொருள். தமிழ்ப் பேச்சில் அது கடைக்காரர் தரவேண்டிய மீதிச் சில்லறையானது. சைக்கிள் பழகும் பிள்ளைக்கு விழாமல் ஓட்டுவதானது. கேமராவில் பழைய தராசு மீள்கிறது: சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் சீர்தூக்குகிறது. எவ்வளவு என்பது ஒளியின் நிற வெப்பநிலையைப் பொறுத்தது: நண்பகல் வெயிலுக்கு ஏறத்தாழ 5500 கெல்வின், குண்டு பல்புக்கு 2800.

'வெள்' வேரும் சளைத்ததல்ல. கிழக்கு வெளுத்தால் விடியல். வெள்ளை மனசு என்றால் கள்ளமின்மை. வெளுத்து வாங்கினால் அடி.

'வெண்சமநிலை' என்ற கலைச்சொல் உண்டு. ஆனால் 'நிலை' இருப்பைத்தான் சொல்கிறது. இங்கே நடப்பதோ செயல். 118ஆம் குறள் துலாக்கோலோடு 'சமன்' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறது. 'வெண்சமன்' என்றால் சுருக்கம். 'வெண்சமன் செய்' என்று வினையாகவும் ஓடும். வெள்ளைக்குப் பதில் சாம்பல் அட்டையைக் கேமராவுக்குக் காட்டி அளப்பவர்கள் 'நிறச்சமன்' என்றாலும் குற்றமில்லை.