மவுண்ட் ரோட்டைப் போட்டது யார்?

பரங்கிமலையின் உயரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 அடிதான். அதற்குத் தெற்கே பல்லாவரம், திரிசூலம் வரை நீளும் குன்றுகளையும் சேர்த்துப் பார்த்தாலும், மலைநாட்டுக்காரர் எவரும் இவற்றை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார். சித்திரை பிறந்துவிட்டால் புல் காய்ந்து சரிவெல்லாம் பொன்னிறமாகிவிடும். பகலில் பாறையில் கால் வைக்க முடியாது. கடற்காற்று உள்ளே வந்து பாறையின் சூட்டைத் தணிக்கத் தொடங்கும் மாலையில்தான் ஏறத் தோன்றும். இந்தச் சிறு குன்றை நோக்கித்தான் சென்னையின் முதுகெலும்பான சாலை போகிறது. புனித ஜார்ஜ் கோட்டையையும் பரங்கிமலையையும் இணைத்ததால் அது மவுண்ட் ரோடு. இன்று அண்ணா சாலை. பரங்கிமலையில் இருந்த பீரங்கிப் படைக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட ராணுவச் சாலை என்றே இதைப் பலரும் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் காலம் ஒத்துவரவில்லை. படை அங்கே நிலைகொள்வதற்கு வெகுகாலம் முன்பே, மலை ஏறப் போனவர்களின் கால்கள் அந்தத் திசையைத் தீர்மானித்துவிட்டன என்பதே என் வாதம்.

முதல் சாட்சி 1726. அந்த ஆண்டில் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே ஒரு பாலம் கட்டினார். ஆங்கிலேயர் மர்மலாங் பாலம் என்று அழைத்த அது 1960களில் இடிக்கப்பட்டு, இப்போது அந்த இடத்தில் மறைமலை அடிகள் பாலம் நிற்கிறது. பாலம் கட்டியதோடு உஸ்கான் நிற்கவில்லை. அதைப் பராமரிக்கப் பணம் ஒதுக்கினார். பரங்கிமலை உச்சிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கற்படிகளையும் போட்டார். இந்த இரண்டையும் தனித்தனிக் கொடைகளாகச் சொல்வதே வழக்கம். என் பார்வையில் இரண்டும் ஒரே வேலையின் இரு முனைகள். பாலத்தை மட்டும் கட்டியிருந்தால் வணிகர் தன் சரக்குக்காகக் கட்டினார் என்று சொல்லிவிடலாம். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து துணி மூட்டைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. பாலத்தால் வியாபாரத்துக்கும் லாபம் இருந்திருக்கும், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குன்றின் உச்சிக்கு எந்த மூட்டையும் ஏறுவதில்லை. படிகள் ஏறுகிறவர்களுக்கு மட்டுமே பயன்படும்.

ஏறியவர்கள் யார்? உச்சியில் போர்த்துகீசியர் 1523-இல் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. 1547-இல் அங்கே தோண்டியபோது பாரசீகத்தின் பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று கிடைத்தது. அந்த எழுத்து போர்த்துகீசியர் வருகைக்குப் பல நூற்றாண்டு மூத்தது. ஆகவே பாரசீகத் தொடர்புள்ள கிறிஸ்தவர்கள் அவர்களுக்கு வெகு முன்பே இந்தக் குன்றை அறிந்திருந்தார்கள். புனித தோமையார் இங்கேதான் உயிர்நீத்தார் என்பது மரபு. அதற்குச் சான்று போதுமா என்ற வழக்கு இன்னும் முடியவில்லை, நம் கேள்விக்கு அது முடியவும் வேண்டாம். மக்கள் நம்பினார்கள், நடந்தார்கள் என்பதே நமக்குப் போதும். சாந்தோமிலிருந்து சின்னமலை வழியாகப் பரங்கிமலை வரை ஏறத்தாழ 10 கிலோமீட்டர். மலைக் கோயிலின் திருநாள் டிசம்பர் 18. இந்தத் தேதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, அடையாறு நிரம்பி ஓடக்கூடிய பருவம் அது. வெயில் காலத்தில் காலை நனைத்துக்கொண்டு கடந்துவிடக்கூடிய ஆறு, திருநாள் சமயத்தில் வழிமறித்து நிற்கும். பக்தியுள்ள ஒரு பணக்காரர் ஆற்றில் பாலமும் மலையில் படியும் அமைத்ததற்கு இதைவிட நேரான காரணம் தேட வேண்டியதில்லை.

இனி ராணுவ வாதம். மதராஸ் பீரங்கிப் படை பரங்கிமலையில் தலைமையிடம் கொண்டது 1770களில். பாலத்துக்கும் படிக்கும் அரை நூற்றாண்டு கழித்து. இடையில் 1759 பிப்ரவரியில் பிரெஞ்சுப் படை கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது இந்த மலையடியில் சண்டை நடந்தது உண்மை. கம்பெனித் தளபதி கைலாடுடன் நின்று பிரெஞ்சுக்காரரை அலைக்கழித்தவர்களில் மருதநாயகம் என்று நாம் அறிந்த யூசுப் கானும் உண்டு. ஆனால் படைகள் அங்கே மோதியதே, போக வர வழி இருந்த இடம் என்பதால்தான். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சாலையை அகலமாக்கி உறுதிப்படுத்தியதில் படைக்குப் பங்கு உண்டு. அதை மறைத்தால் வரலாறு கோணலாகிவிடும். இருக்கும் தடத்தை அகலமாக்குவது ஒன்று, தடத்தைப் போடுவது வேறொன்று.

பக்திக்கு அடுத்து வந்தது காற்று. கோட்டைக்குள் புழுங்கிய கம்பெனி ஊழியர்கள் உடம்பு தேற மலையடியில் வந்து தங்குவது பழைய வழக்கம். 1810-இல் மதராஸுக்கு வந்த மரியா கிரகாம் தன் பயண நூலில் ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார்: மாலையானதும் ஊரின் துரைகளும் துரைசானிகளும் பகட்டான வண்டிகளில் மவுண்ட் ரோட்டுக்குப் புறப்பட்டு வேகமாக ஓட்டிவந்து, கார்ன்வாலிஸ் நினைவு மண்டபத்தை ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வருவார்களாம், பாதி உடற்பயிற்சிக்காக, பாதி சரசத்துக்காக. மண்டபம் பின்னர் கோட்டைக்குப் போய்விட்டது. தேனாம்பேட்டையில் செனடாஃப் ரோடு என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது. ராணுவச் சாலை என்ற பெயருக்கு இந்தக் காட்சி பொருந்துகிறதா என்று வாசகரே சொல்லட்டும்.

நில அளவையாளர் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே ஏழரை மைல் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியது சுவையான தனிக் கதை. வெயிலில் 100 அடி எஃகுச் சங்கிலி நீளும் என்பதால், அதைப் பெட்டிகளில் கிடத்தி, கூடாரத்தால் நிழலிட்டு, வெப்பமானியைப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். எவரெஸ்ட்டின் உயரம் வரை போன மாபெரும் அளவைப்பணிக்கு அடி இந்தக் கோடுதான். மேலே அவருக்கு மார்பளவுச் சிலையும் இருக்கிறது. ஆனால் லாம்டனுக்கு வேண்டியிருந்தது மலையை ஒட்டிய சமவெளியும் பார்வைக் கோடும். மலைக்குப் போக அவர் புதிதாக வழி திறக்கவில்லை.

இன்னும் ஒரு மறுப்பு கனமானது: இதெல்லாம் பரங்கியர் கதை, மயிலாப்பூர்க்காரருக்கு அந்தக் குன்றில் என்ன வேலை? பாதி சரி. மயிலாப்பூரின் வாழ்க்கை கபாலீசுவரர் குளத்தையும் கடலையும் சுற்றி இருந்தது. கோட்டையிலிருந்து போன சாலை அதைத் தொடாமல் மேற்கே விலகியே சென்றது. ஆனால் அதே குன்று வரிசையில் திரிசூலத்தில் சோழர் காலச் சிவன் கோயிலும், பல்லாவரத்தில் மகேந்திரவர்மன் குடைந்த குகையும் இருக்கின்றன. அந்தக் குகை இன்று தர்கா. குன்றேறும் வழக்கம் ஒரு மதத்துக்குச் சொந்தமாக இருந்ததே இல்லை. பிற்காலத்தில் ஊர் வளர்ந்ததும் இந்தச் சாலையைப் பிடித்துக்கொண்டுதான். அதன் மேற்கே பரந்திருந்த நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் தியாகராய நகர் எழுந்தது. மயிலாப்பூரிலிருந்து அங்கே குடிபெயர்ந்த குடும்பங்கள் தங்களை அறியாமலே உஸ்கானின் தடத்துக்கு அருகில் வந்து சேர்ந்தன.

உஸ்கான் 1751-இல் வேப்பேரியில் அடக்கம் செய்யப்பட்டார். லாம்டனுக்குச் சிலை இருக்கிறது. பீரங்கிப் படைக்கு வரலாற்று நூல்களில் இடம் இருக்கிறது. சைதாப்பேட்டைப் பாலத்தை ஒரு நாளில் கடக்கும் எத்தனையோ பேரில் அதை முதலில் கட்டியவரின் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. அண்ணா சாலையின் வரலாற்றைச் சொல்ல மாநகராட்சி என்றாவது ஒரு பலகை வைப்பதானால், அதன் முதல் வரியில் இருக்க வேண்டியது அந்த ஆர்மேனியரின் பெயர்.