ஒரு நகரத்தின் இசையை வளர்த்த பல்கலைக்கழக வானொலிகள்

1990களின் இறுதியில், ஸ்காபரோவில் நாங்கள் வாடகைக்கு இருந்த நிலக்கீழ் வீட்டில் இரண்டு வானொலிப் பெட்டிகள் இருந்தன. ஒன்று, தமிழ் ஒலிபரப்பைக் கேட்பதற்கென்றே காசு கொடுத்து வாங்கிய விசேட பெட்டி. சாதாரண வானொலியில் அந்த ஒலிபரப்பு கேட்காது. சமையலறையில் இருந்த அந்தப் பெட்டியில் சினிமாப் பாட்டும் ஊர்ச் செய்தியும் மரண அறிவித்தலும் நாள் முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். மற்றது, யாரோ கழித்துவிட்ட, அன்ரெனா முறிந்த பழைய பெட்டி. அது என்னுடையது. இரவு வேலை முடிந்து வந்து அதன் முள்ளை இடது பக்கம் திருப்பினால் 88.1இலும் 89.5இலும் இரைச்சலுக்கு நடுவே நான் அதுவரை கேட்டிராத இசைகள் கேட்கும். ஒரு மணித்தியாலம் ரெகே, அடுத்த மணித்தியாலம் பங்க், அதன் பிறகு ஆபிரிக்க இசை. அறிவிப்பாளர்கள் தடுமாறுவார்கள். சில நேரம் பிழையான பாட்டைப் போட்டுவிட்டு மன்னிப்புக் கேட்பார்கள். இவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் அல்லர் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

அவை பல்கலைக்கழக சமூக வானொலிகள். ரொறன்ரோவின் இசையைப் பற்றி இன்று எழுதுபவர்கள் பெரிய நட்சத்திரங்களில் இருந்துதான் தொடங்குகிறார்கள். அந்த நட்சத்திரங்களுக்கு முன்னால் இருந்தவர்களுக்கு ஒலிவாங்கியைக் கொடுத்தது யார் என்ற கேள்வி அதிகம் கேட்கப்படுவதில்லை. நான் அறிந்தவரையில் அதற்கான பதிலின் பெரும் பகுதி இந்த வானொலிகளில்தான் இருக்கிறது.

எப்படி இயங்குகின்றன?

கனடாவில் பல்கலைக்கழக வானொலி ஒன்றுக்கு முதன்முதலாக எஃப்.எம். சமூக ஒலிபரப்பு வாய்ப்புக் கிடைத்தது ஒட்டாவாவில். கார்ள்டன் பல்கலைக்கழகத்தின் சீ.கே.சீ.யூ. 1975 நவம்பரில் ஒலிபரப்பைத் தொடங்கியது. ரொறன்ரோவில் அப்போது ரயர்சன் என்று அழைக்கப்பட்ட கல்வி நிறுவனத்தின் சீ.கே.எல்.என். 1983இல் 88.1 அலைவரிசைக்கு வந்தது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் சீ.ஐ.யூ.ரீ. 1987இல் 89.5இல் தொடங்கியது. அதே ஆண்டில் யோர்க் பல்கலைக்கழகத்தின் சீ.எச்.ஆர்.வை. 105.5இல் வந்தது.

இவற்றின் வருமானத்தில் முக்கியமானது மாணவர்கள் தமது கட்டணத்துடன் சேர்த்துச் செலுத்தும் ஒரு சிறு தொகை. அடுத்தது, ஆண்டுதோறும் நேயர்களிடம் திரட்டும் நன்கொடை. விளம்பரம் உண்டு, ஆனால் அதை நம்பி நிலையம் நடப்பதில்லை. நிகழ்ச்சி நடத்துபவர்களில் பெரும்பாலானோர் தொண்டர்கள். அவர்கள் மாணவர்களாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பஸ் சாரதி, தாதி, தொழிற்சாலைத் தொழிலாளி என்று நகரத்தின் எந்த மூலையில் இருப்பவரும் பயிற்சி பெற்று ஒரு மணித்தியாலத்தைக் கேட்கலாம். ஒலிபரப்பை ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் விதிகளும் உண்டு. ஒலிபரப்பாகும் ஜனரஞ்சக இசையில் குறைந்தது 35 வீதம் கனேடிய இசையாக இருக்கவேண்டும். என்ன பாட்டு, யாருடையது, எத்தனை மணிக்கு என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பதிவேடு எழுதவேண்டும்.

இந்த ஏற்பாட்டின் விளைவு எளிமையானது. வர்த்தக வானொலி ஒரு பாட்டைப் போடுவதற்கு முன்னர், அதைக் கேட்க எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று பார்க்கவேண்டும். பல்கலைக்கழக வானொலிக்கு அந்த அவசியம் இல்லை. ஆகவே கேட்பவர்கள் இன்னும் உருவாகாத இசைக்கும் அங்கே இடம் கிடைத்தது.

சனிக்கிழமை பிற்பகல்

இதற்குச் சிறந்த உதாரணம் ஹிப்-ஹொப். ரயர்சனில் படித்துக்கொண்டிருந்த ரொன் நெல்சன் 1983இல் சீ.கே.எல்.என்.இல் ‘ஃபன்ராஸ்ரிக் வோயேஜ்’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். கனடாவின் முதலாவது ஹிப்-ஹொப் வானொலி நிகழ்ச்சியாக அது பரவலாகக் கருதப்படுகிறது. சனிக்கிழமை பிற்பகல்களில் அதை ஒலிப்பதிவு செய்ய, நகரம் முழுவதும் இளைஞர்கள் வெற்றுக் கசெற்றுகளுடன் காத்திருந்தார்கள். வானொலியோடு நிற்காமல் நெல்சன் இசை நிகழ்ச்சிகளையும் ஏற்பாடு செய்தார். நியூயோர்க் கலைஞர்களை அழைத்துவந்து, ரொறன்ரோ இளைஞர்களையும் அதே மேடையில் ஏற்றினார்.

அந்த வட்டத்தில் இருந்து வந்தவர்கள்தான் மிச்சி மீயும் மாஸ்ரோ ஃபிரெஷ் வெஸ்ஸும். மிச்சி மீ ஜமேக்காவில் பிறந்தவர். 1980களின் இறுதியில் பெரிய அமெரிக்க இசை நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்த முதல் கனேடிய ராப் கலைஞர் என்று அறியப்படுபவர். கயானாவில் இருந்து வந்த பெற்றோரின் மகனான மாஸ்ரோவின் ‘லெற் யுவர் பக்போன் ஸ்லைட்’ 1989இல் வெளியாகி, கனடாவில் தங்கத் தரச்சான்று பெற்ற முதல் கனேடிய ராப் பாடலாகியது. 1991இல் ஜூனோ விருதுகளில் ராப் இசைக்கென்று முதன்முறையாக ஒரு விருது வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவரும் அவரே.

இத்தனைக்கும் அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் கறுப்பின மக்களின் இசைக்கென்று ஒரு வர்த்தக வானொலிகூட இருக்கவில்லை. எல்லைக்கு அப்பால், அமெரிக்காவின் பஃபலோவில் இருந்து வரும் வானொலியைத்தான் மக்கள் கேட்டார்கள். கறுப்பின முதலீட்டாளர்கள் செய்த விண்ணப்பம் ஒன்றை 1990இல் ஆணைக்குழு நிராகரித்து, அந்த வாய்ப்பைக் ‘கன்ட்ரி’ இசை வானொலி ஒன்றுக்கு வழங்கியது. 1997இல் இன்னுமொரு முயற்சியும் தோற்றது. மூன்றாவது முயற்சியில்தான் அனுமதி கிடைத்து, 2001இல் ‘ஃப்ளோ 93.5’ ஒலிபரப்பைத் தொடங்கியது. 1983இல் இருந்து 2001 வரை 18 ஆண்டுகள். அந்த இடைவெளி முழுவதும் இந்த இசையைச் சுமந்தவை பல்கலைக்கழக வானொலிகள். ஒரு தலைமுறை அதற்குள் வளர்ந்து முடிந்துவிட்டது.

ஹிப்-ஹொப் மட்டுமல்ல. சீ.ஐ.யூ.ரீ.இன் ‘ஈக்குவலைசிங் எக்ஸ் டிஸ்ரோர்ட்’ ஹார்ட்கோர் பங்க் குழுக்களைக் கலையகத்துக்கே அழைத்து நேரடியாக வாசிக்க வைத்தது. அதே நிலையத்தின் ‘புரொஃபெசி’ ஜங்கிள், ட்ரம் அன்ட் பேஸ் இசைக்கு நகரத்தில் ஒரு வீடாக இருந்தது. ‘குளோபல் றிதம்ஸ்’ உலக இசைக்கு இடம் கொடுத்தது. சீ.எச்.ஆர்.வை. கரீபியன் சமூகங்களின் ரெகேயையும் சோகாவையும் வளர்த்தது. ஒரே அலைவரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக இவை வந்ததால், ஒரு இசைக்காக வானொலியைப் போட்டவர் அதை நிறுத்த மறந்து அடுத்ததையும் கேட்டார். நான் பங்க் இசையைக் கேட்டது அப்படித்தான். எனக்கு விருப்பமானதையே திரும்பத் திரும்பத் தரும் இன்றைய செயலிகளில் அந்த விபத்து நடப்பது அரிது.

இசை நூலகத்தில் ஒரு மாலை

2000களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக வானொலி ஒன்றில் வாரத்துக்கு ஒரு மாலை தொண்டனாக வேலை செய்தேன். தபாலில் வரும் இறுவட்டுகளைக் கேட்டு, ஒரு சிறு தாளில் குறிப்பு எழுதி உறையின் மேல் ஒட்டவேண்டும். எந்தப் பாட்டு நல்லது, எதில் தூசண வார்த்தை இருக்கிறது, கலைஞர் கனேடியரா, ரொறன்ரோக்காரரா என்பவைதான் அந்தக் குறிப்பு. நிகழ்ச்சி நடத்துபவர்கள் அதைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். உள்ளூர்க் கலைஞர்களின் வெளியீடுகளுக்கு வாசலுக்குப் பக்கத்தில் தனித் தட்டு இருந்தது.

ஒருநாள் ஸ்காபரோவில் இருந்து ஒரு தமிழ்ப் பெடியன் வந்தான். கையில் வீட்டுக் கணினியில் பதிந்த ஒரு இறுவட்டு. பெயரை மார்க்கர் பேனையால் எழுதியிருந்தான். பாதி தமிழ், பாதி ஆங்கிலம். ஒலிப்பதிவு தரம் குறைவு. ஆனால் சொல்ல வந்த விஷயம் இருந்தது. தமிழ் வானொலிகளில் ‘இது பாட்டே இல்லை’ என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றான். இரவு நிகழ்ச்சி நடத்தும் ஒருவரிடம் கொடுத்தேன். வியாழக்கிழமை போடுவதாகச் சொன்னார். அதை அறிவிக்கத் தொலைபேசி எடுத்தபோது, “அண்ணை, எத்தனை மணிக்கு?” என்று அவன் மூன்று தடவை கேட்டான். இரவு இரண்டு மணி. வீட்டில் எல்லோரையும் எழுப்பி வைத்திருந்ததாகப் பிறகு சொன்னான். அவன் பின்னர் இசைத்துறையில் நிற்கவில்லை, கணக்காளராகிவிட்டான். ஆனாலும் அந்த இரவை நான் தோல்வியாக நினைக்கவில்லை. நூறு பேருக்கு இடம் கொடுத்தால்தான் பத்துப் பேர் நிலைப்பார்கள்.

இன்று யாழ்ப்பாணத்தில் பிறந்த ஷான் வின்சென்ட் டி போலும், மிருதங்கக் கலைஞரும் இசைத் தயாரிப்பாளருமான யாஞ்சனும் மிருதங்கத்தையும் ராப்பையும் சேர்த்து உலகம் முழுக்கக் கேட்க வைத்திருக்கிறார்கள். அது அவர்களுடைய உழைப்பு. ஆனால் புலம்பெயர்ந்தவர்களின் பிள்ளைகள் தமது வீட்டுத் தாளத்தோடு ராப் பாடலாம் என்பதை இந்த நகரம் அவர்களுக்கு முன்பே பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தில் மேலே சொன்ன வானொலிகளுக்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

88.1 பறிபோன கதை

சீ.கே.எல்.என். இன்று இல்லை. 2000களின் பிற்பகுதியில் அதன் நிர்வாகம் இரண்டாகப் பிளந்தது. யார் உண்மையான இயக்குநர் சபை என்று தகராறு. 2009இல் பல மாதங்கள் கலையகம் பூட்டப்பட்டுக் கிடக்க, பதிவு செய்த ஒலிகளே அலைவரிசையில் சுற்றிச் சுற்றி வந்தன. பதிவேடுகளும் ஒலிப்பதிவுகளும் உரிய முறையில் பேணப்படவில்லை என்றும், மாணவர் பங்கேற்பு போதாது என்றும் ஆணைக்குழு கண்டது. 2011 ஜனவரியில் அனுமதிப்பத்திரத்தை இரத்துச் செய்தது. ஏப்ரலில் ஒலிபரப்பு நின்றது.

அந்த அலைவரிசைக்குப் பலர் போட்டியிட்டார்கள். ரயர்சன் மாணவர் வானொலியும் விண்ணப்பித்தது. 2012இல் அது ஒரு வர்த்தக நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. 2013இல் ‘இண்டி 88’ வந்தது. அது சுயாதீன ரொக் இசையைப் போடும் வானொலிதான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் ஒரு தாதியோ பஸ் சாரதியோ போய் ஒரு மணித்தியாலம் கேட்கக்கூடிய இடமல்ல. ரயர்சன் மாணவர்களுக்குப் பிறகு கிடைத்தது 1280 ஏ.எம். அலைவரிசை. இதற்கிடையில் சீ.எச்.ஆர்.வை.யும் 2015இல் ‘வைப் 105’ என்று பெயர் மாறியபோது, நீண்டகாலத் தொண்டர்கள் பலரின் நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன.

88.1இன் இழப்பை ஆணைக்குழுவின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. தொண்டர்கள் நடத்தும் எந்த அமைப்புக்கும் உள்ள நோய்தான் அங்கேயும் இருந்தது. நிகழ்ச்சி செய்ய எல்லோரும் முன்வந்தார்கள். வருடாந்தக் கூட்டத்துக்கு வரவும் கணக்கைப் பார்க்கவும் பதிவேட்டை எழுதவும் ஆட்கள் குறைவு. நானும் அந்தக் குற்றத்தில் பங்காளிதான். எனது நிலையத்தின் பொதுக்கூட்டத்துக்கு நான் ஒருமுறைகூடப் போனதில்லை.

வெளியில் இருந்தும் ஆபத்து வந்தது. 2019இல் ஒன்ராறியோ மாகாண அரசாங்கம், மாணவர் கட்டணங்கள் பலவற்றை விரும்பினால் மட்டும் செலுத்தலாம் என்று மாற்றியது. அதனால் பல்கலைக்கழக வானொலிகளின் வருமானம் ஆட்டம் கண்டது. அதே ஆண்டு நவம்பரில் நீதிமன்றம் அந்த உத்தரவைச் செல்லாது என்று தீர்த்தது. 2021இல் மேன்முறையீட்டிலும் அரசாங்கம் தோற்றது. இம்முறை தப்பியாயிற்று.

அலைவரிசை ஒன்றைப் பெற ஒரு தலைமுறையின் உழைப்பு தேவைப்பட்டது. அதை இழக்க இரண்டு மூன்று வருடச் சண்டை போதுமாக இருந்தது. 89.5 இன்னும் இருக்கிறது. ரொறன்ரோவில் படிக்கும் நமது பிள்ளைகள் தமது கட்டணச் சிட்டையில் வானொலிக்கென்று போகும் அந்தச் சில டொலர்களைக் கண்டு எரிச்சலடைய முன்னர், ஒருநாள் இரவு அந்த முள்ளை இடது பக்கம் திருப்பிப் பார்க்கட்டும். முடிந்தால் வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கும் போகட்டும்.