அல்ப்ஸ் மலையிற் பனிச்சரிவு: ஒரு வரலாற்று நோக்கு

சுவிற்சர்லாந்தின் அண்டர்மாற் கிராமத்துக்கு மேலுள்ள சிறு காட்டில் மரந்தறித்தலை 1397ஆம் ஆண்டுச் சாசனமொன்று தடைசெய்தது. பனிச்சரிவிலிருந்து ஊரைக் காப்பது அக்காடே என்பதை மக்கள் அன்றே உணர்ந்திருந்தனர். எனினும், பனி ஏன் சரிகின்றது என்னும் வினாவுக்குத் தெளிவான விடை நெடுங்காலம் கிடைத்திலது.

1936இல் டாவோஸ் நகருக்கு மேலே, ஏறத்தாழ 2,660 மீற்றர் உயரமுள்ள வைஸ்ஃப்ளூயோக்கில் ஆய்வாளர் சிலர் பனியைக் குழிதோண்டிப் படைபடையாக ஆராயத் தொடங்கினர். விழுந்த பனி மாறாது கிடப்பதன்று. நிலத்தையொட்டிய பனி உறைநிலையை அண்டியிருக்க, மேற்பரப்போ கடுங்குளிரில் இருக்கும். இவ்வேறுபாட்டால் நீராவி பனியினூடே மேலெழ, அடிப்படையிலுள்ள துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாது சீனிபோற் பருக்கின்றன. அதன்மேற் காற்றுக் கொணர்ந்து குவித்த பனி பலகைபோல் இறுகிக் கிடக்கும். ஒரு மனிதனின் பாரமே அடிப்படையை உடைக்கப் போதுமானது; வெடிப்புக் கணத்திற் பரவ, பலகை முழுவதும் பெயர்ந்துவிடும்.

1942இல் அங்கு ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. 1945 முதல் அந்நிலையம் எச்சரிக்கை அறிக்கைகளை வெளியிட்டது. ஆயினும் 1951ஆம் ஆண்டு மாரியில் அந்நாட்டில் 98 பேர் மாண்டனர். அதன்பின் சரிவுகளில் உருக்குத் தடுப்புக்கள் நாட்டப்பட்டன. அபாயப் படங்கள் வரையப்பட்டு, வீடு கட்டத்தகாத இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1999இல் மீண்டும் பெரும்பனி பொழிந்தபோது இறந்தோர் 17 பேர்.

ஊரைக் காத்த இவ்வுபாயங்கள், தடம்விட்டுத் தனிமலையிற் பனிச்சறுக்குச் செல்வோனைக் காக்கமாட்டா. ஊரைத் தேடிப் பனி வந்தது. இவனோ பனியைத் தேடிச் செல்கிறான். இத்தகையோர் மாளும் விபத்துக்களிற் பத்தில் ஒன்பதளவில், சரிவைத் தூண்டியவர் இறந்தவரோ அவர்தம் கூட்டாளியோ ஆவர். 30 பாகைக்கு மேற்பட்ட சாய்வே பெரிதும் அஞ்சத்தக்கது. 1993இல் ஐரோப்பிய நாடுகள் ஏற்ற ஐந்துபடி அபாய அளவையில் மூன்றாம்படி நடுத்தரமெனத் தோன்றி மயக்கும். உயிரிழப்பிற் பெரும்பங்கு நேர்வதோ அப்படியிலேதான்.

முற்றாகப் புதையுண்டோரை முதற் பத்து நிமிடத்துள் மீட்டால் பெரும்பாலார் பிழைப்பர். அரைமணி கடந்தால் மூச்சுத்திணறலாற் பெரும்பாலார் இறப்பர். மீட்பு விமானம் அந்நேரத்துள் வந்துசேர்வது அரிது. ஆதலின் ஒவ்வொருவரும் சமிக்ஞைக் கருவியும் துழாவுகோலும் மண்வெட்டியும் கொண்டுசெல்வதோடு, சரிவை ஒருவர்பின் ஒருவராகவே கடக்கின்றனர். புதைபவனைத் தோண்டியெடுக்க மற்றவர் வெளியே நிற்றல் வேண்டும்.